கீரை வளர்க்க சொல்லிக்குடுத்தாச்சு, விக்க யாரு சொல்லிக்குடுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மாடித்தோட்டப் பயிற்சி, இயற்கை விவசாயப் பயிற்சின்னு மாசம் ரெண்டு மூணு செய்தியாவது வந்துடுது. படிக்க சந்தோஷமாத்தான் இருக்கு, குறை சொல்ல இத எழுதல. ஆனா எல்லா செய்தியும் வளர்க்கறதோட நின்னுடுது சார், வளர்ந்ததுக்கு அப்புறம் அது எங்க போகுது யாரு வாங்குறாங்கன்னு ஒரு வரி இருக்காது. நானும் வீட்டுக்காரரும் அம்பத்தூர் பக்கம் சின்னதா ஒரு காய்கறிக்கடை வெச்சிருக்கோம், கோயம்பேடு சரக்கும் உண்டு, அக்கம்பக்கத்துல மாடியில வளர்க்கறவங்க கொண்டு வர்ற கீரை, வெண்டை, பாகல் இதெல்லாமும் வாங்கி விக்கறோம். அதனால வாங்கி விக்கறவங்க பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்லலாம்னு தோணுச்சு, நீளமா இருந்தா வெட்டிக்கோங்க.

பயிற்சிக்குப் போயிட்டு வர்றவங்க நிறைய பேர எனக்குத் தெரியும். பேங்க்ல ரிட்டயர் ஆனவங்க, பிள்ளைங்க வெளியூர் போயிட்ட அம்மாங்க, வேலைய விட்டுட்டு ஏதாவது சொந்தமா செய்யலாம்னு நினைக்கற பசங்க. ஒரு நாள் வகுப்பு, காலையில 10 மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் முடிஞ்சு கையில சான்றிதழ் குடுத்து அனுப்பிடறாங்க. மண்கலவை எப்படி போடறது, பஞ்சகவ்யா எப்படி கரைக்கறது (10 லிட்டருக்கு 300 மில்லி, எல்லாருக்கும் மனப்பாடம்), மீன் அமிலம், வேப்பங்கொட்டைக் கரைசல், எல்லாம் நல்லாவே சொல்லித்தர்றாங்க. தோட்டக்கலைத் துறை மானியத்துல குடுக்கற கிட்டும் நல்ல கிட்டுதான், ஆறு பை, தேங்காய்நார்க்கழிவு கட்டி, ஆறு வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைகோடெர்மா விரிடின்னு மூணு நுண்ணுயிர்க் கலவை, வேப்ப மருந்து, ஒரு கையேடு. வீட்டுச் சமையலுக்கு அது போதும். பிரச்சனை எங்க வருதுன்னா, இத வெச்சு சம்பாதிக்கலாம்னு வகுப்புலயே ஆசை காட்டி அனுப்பறாங்க, அந்த ஆசைய எடுத்துக்கிட்டு நேரா என் கடை மாதிரி ஒரு கடைக்குத்தான் வர்றாங்க.

வந்து என்ன ஆகுதுன்னு சொல்றேன். எல்லாரும் ஒரே சமயத்துல பயிற்சி எடுத்து, ஒரே சமயத்துல கிட்டு வாங்கி, ஒரே ஆடிப்பட்டத்துல விதைச்சா என்ன ஆகும், ஒரே வாரத்துல எல்லாரும் வெண்டைக்காய தூக்கிட்டு வருவாங்க. விதைச்சு 45 நாள்ல வெண்டை காய்க்க ஆரம்பிச்சுடும், அதுல யாருக்கும் வித்தியாசம் இல்ல. அந்த வாரம் நான் பாதிப்பேர திருப்பி அனுப்பணும், மனசுக்கு கஷ்டமா இருக்கும். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஒருத்தர் கிட்டயும் ஒண்ணும் இருக்காது, கடைக்கு வர்ற கஸ்டமர் "போன வாரம் இருந்துச்சே, இப்ப ஏன் இல்ல"ன்னு கேப்பாங்க, பதில் சொல்ல முடியாது. கடைக்கு வேண்டியது வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா, ஆனா தவறாம வர்ற சரக்கு. ஒரே நாள்ல பத்து கிலோ வந்து எனக்கு என்ன பிரயோஜனம், பத்து வாரம் ஒவ்வொரு கிலோவா வந்தா அதுக்கு ஒரு இடம் ஒதுக்கி வெச்சிடுவேன். இந்த ஒரு விஷயத்த எந்த வகுப்புலயும் கேட்டதா யாரும் எங்கிட்ட சொன்னதில்ல.

கீரைய எடுத்துக்குவோம், ஏன்னா மாடியில விக்கற அளவுக்கு வளர்க்கணும்னா முதல்ல கீரைதான் சரிவரும். முளைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை எல்லாம் மூணு நாலு வாரத்துல கைக்கு வந்துடும். எங்க கடை மாதிரி ஒரு சின்ன கடையில மாடிக்கீரை மட்டும் நாளைக்கு 20 கட்டு வித்துடலாம். ஒரு கட்டு கால் கிலோன்னு வெச்சா அஞ்சு கிலோ. நல்லா பராமரிச்ச பாத்தில சதுர மீட்டருக்கு சுமார் ஒரு கிலோ கீரை எடுக்கலாம், அப்ப தினமும் அஞ்சு சதுர மீட்டர் அறுக்கணும், அறுத்த இடத்த கிளறி உரம் போட்டு திரும்ப விதைச்சு அடுத்த அறுப்பு வர்றதுக்கு 28 நாள்னு வெச்சுக்கிட்டா மொத்தம் 140 சதுர மீட்டர் வேணும். சதுர அடியில சுமார் 1500. எங்க ஏரியாவுல மொட்டை மாடி 600 சதுர அடி இருந்தாலே பெருசு, அதுலயும் தண்ணி டேங்க், துணி காயப்போட இடம், நடக்க வழி எல்லாம் போக பாதிதான் மிஞ்சும். அந்தப் பாதில தினமும் ஒரு கிலோ வரும், அதாவது நாலு கட்டு. அப்ப 20 கட்டு வேணும்னா அஞ்சு வீடு சேரணும், ஒரு வீட்டால ஆகாது. இந்தக் கணக்க ஒரு சிலேட்டுல போட்டுக் காட்ட அரை மணி நேரம் ஆகுமா? அத காட்டிட்டா, தனியா ஒரு ஆளா இத தொழிலா செய்ய முடியுமா முடியாதான்னு வகுப்புல உக்காந்திருக்கறவங்களுக்கே புரிஞ்சிடும்.

இன்னொண்ணு, மாடி தாங்குமாங்கற கேள்வி. ஆள் நடமாடற மொட்டை மாடிக்கு கட்டடக் கணக்குல சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ பாரம்னுதான் வெக்கறாங்க. அரை அடி ஆழத்துக்கு மண்ணு கலந்த பாத்தி போட்டு நல்லா தண்ணி ஊத்துனா அந்த 150 கிலோவும் அதுலயே போயிடும், அப்புறம் நீங்க நடக்கற பாரம் எங்க. ஆறு பைக்கு இந்தப் பயம் வேணாம், விக்கற அளவுக்கு மாடி பூரா பரப்பறவங்களுக்கு கண்டிப்பா வேணும். ஆழம் கம்மியான ட்ரே, மண்ண குறைச்சு தேங்காய்நார்க்கழிவு அதிகம், பாத்திய சுவத்து ஓரமா பீம் மேல போடறது, பழைய வீடா இருந்தா முதல்ல ஒரு இன்ஜினியர்கிட்ட காட்டறது, இதெல்லாம் வகுப்புல முதல் பாடமா வரணும். வாடகை வீட்ல இருக்கறவங்க ஓனர்கிட்ட எழுதி வாங்கிக்கறது நல்லது, தண்ணி கசிஞ்சு கீழ்வீட்டு சீலிங் ஊறிப் போனா தோட்டம் அன்னைக்கே காலி.

அப்புறம் சந்தைக்கு கொண்டு வர்ற முறை. சில பேரு மத்தியானம் 12 மணி வெயில்ல பறிச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டு முடிச்சு போட்டு கொண்டு வருவாங்க, பிரிச்சா உள்ள வெந்து கெடக்கும். கோயம்பேட்டுக்கு வர்ற கீரைக்காரங்கள பாருங்க, விடியறதுக்கு முன்னாடியே அறுத்து, ஈர சாக்கு போட்டு மூடி, கட்டு எல்லாம் ஒரே அளவுல. யாரும் அவங்களுக்கு சான்றிதழ் குடுக்கல. ஒரு கட்டு பெருசு ஒரு கட்டு சின்னதுன்னா கஸ்டமர் பெருசத்தான் பொறுக்குவாங்க, மீதி சாயங்காலம் மாட்டுக்குத்தான். விலையும் அப்படித்தான், ஆர்கானிக்னா டபுள் விலைன்னு யாரோ சொல்லி அனுப்பிடறாங்க. எங்க கஸ்டமர் கட்டுக்கு அஞ்சு ரூபா அதிகம் குடுப்பாங்க, நம்பிக்கை வந்தா பத்து ரூபாயும் குடுப்பாங்க, அதுக்கு மேல கேட்டா பக்கத்து தள்ளுவண்டிக்குப் போயிடுவாங்க. அந்த விலைக்கு கட்டுப்படியாகுதான்னு பாக்கணும்னா விதை, நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு, கோடையில டேங்கர் தண்ணி எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதணும், தன் கூலியையும் சேர்த்து. எழுதறவங்க ரொம்ப கம்மி.

இப்ப சான்றிதழ் விஷயம், இதுதான் ரொம்ப பேருக்குத் தெரியாது, எனக்கு கடை நடத்தறதால தெரிஞ்சுது. 2017ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் இயற்கை உணவுக்குன்னு தனியா விதிமுறை போட்டாங்க, 2018 ஜூலையில இருந்து அமலுக்கு வந்துச்சு. அதுப்படி ஒரு பொருள ஆர்கானிக்னு சொல்லி விக்கணும்னா தேசிய இயற்கை உற்பத்தித் திட்ட சான்று இல்லன்னா பி.ஜி.எஸ். சான்று (விவசாயிங்க குழுவா சேர்ந்து வாங்கறது, கீழ சொல்றேன்) வேணும். வருஷ வியாபாரம் 12 லட்சத்தத் தாண்டாத சின்ன உற்பத்தியாளர், தானே நேரா சாப்பிடற ஆளுக்கு வித்தா மட்டும் விலக்கு, அப்பவும் இயற்கை உணவுக்கான அரசாங்க முத்திரைய போட்டுக்க முடியாது. அப்ப என்ன அர்த்தம்? எதிர்வீட்டு அம்மா தன் வாசல்ல வெச்சு ஆர்கானிக் கீரைன்னு வித்தா தப்பில்ல, அதே கீரைய எனக்குக் குடுத்து நான் கடையில ஆர்கானிக்னு போர்டு வெச்சா அது விதிமீறல். அதனால நாங்க சிலேட்டுல "மாடிக்கீரை"ன்னு எழுதறதோட சரி. பயிற்சில "கடைகளுக்கு ஆர்கானிக்னு சப்ளை பண்ணலாம்"னு சொல்றவங்க இந்த வேலிய பத்தி ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பறது நியாயமா?

இதுக்கு வழி இல்லாம இல்ல. பி.ஜி.எஸ்.ங்கறது பங்கேற்பு உத்தரவாத முறை, மூணாவது ஆள் ஆய்வுக்கு வந்து கட்டணம் வாங்கற முறை இல்ல, பக்கத்து பக்கத்துல இருக்கற விவசாயிங்க குறைஞ்சது அஞ்சு பேரு ஒரு குழுவா சேர்ந்து ஒருத்தர் தோட்டத்த ஒருத்தர் பாத்து உறுதி குடுக்கற முறை. ரசாயனத்துல இருந்து இயற்கைக்கு மாறிக்கிட்டு இருக்கற காலத்துல பி.ஜி.எஸ். கிரீன், முழுசா மாறினதும் பி.ஜி.எஸ். ஆர்கானிக். மேல நான் போட்ட கீரைக் கணக்குலயும் அஞ்சு வீடுதான் வந்துச்சு பாருங்க. அப்ப ஆரம்பத்துல இருந்தே ஆளுங்கள தனித்தனியா கூப்பிடாம தெருவுக்கு அஞ்சு வீடா சேர்த்துக் கூப்பிட்டா விதைக்கற நாள பிரிச்சுக்கலாம், உரம் மொத்தமா வாங்கலாம், சான்றும் ஒண்ணா வாங்கலாம், கடைக்கு ஒரே ஆள் கொண்டு வந்து குடுத்துட்டு கணக்கு பாத்துக்கலாம். மாடியில, பையில, ட்ரேல வளர்க்கறவங்கள இந்த முறைக்குள்ள எப்படி சேர்க்கறதுன்னு மட்டும் துறை ஒரு தெளிவான அறிவிப்பு போடணும், படிவம் எல்லாம் நிலம் வெச்சிருக்கற விவசாயிய மனசுல வெச்சு போட்டது மாதிரி இருக்கு. தமிழ்நாட்டுக்குன்னு 2023 மார்ச்சுல இயற்கை வேளாண் கொள்கையே வந்தாச்சு, அதுக்குள்ள நகரத்துக்கும் ஒரு இடம் குடுத்தா என்ன.

கேரளாவுல 1998ல ஆரம்பிச்ச குடும்பஸ்ரீங்கற மகளிர் திட்டத்துல பெண்கள் குழுவா சேர்ந்து குத்தகைக்கு நிலம் எடுத்து காய்கறி போடறாங்க, கடனும் குழுவுக்குத்தான், பொறுப்பும் குழுவுக்குத்தான். நம்ம ஊர்ல மகளிர் சுய உதவிக்குழு இல்லாத தெருவே இல்ல, ஆனா மாடித்தோட்டப் பயிற்சிக்கு அவங்கள யாரும் குழுவா கூப்பிட்டு நான் பாக்கல.

சாணம், கோமியம் விஷயத்துல ஒண்ணு சொல்லணும், கோவப்படாதீங்க. நானே பஞ்சகவ்யா பயன்படுத்தறவங்க கிட்ட வாங்கித்தான் விக்கறேன், கொடுமுடி டாக்டர் நடராஜன் அத பரப்பினதுல எத்தனையோ பேரு ரசாயனத்த விட்டாங்க, அதுல எனக்கு மாத்துக்கருத்து இல்ல. ஆனா கீரைங்கறது இலையையே சாப்பிடற பொருள், மண்ணோட ஒட்டி வளர்றது, 25 நாள்ல அறுப்பு. நேத்து தெளிச்சிட்டு இன்னைக்கு அறுத்துக் கொண்டு வந்தா என்ன அர்த்தம்? அமெரிக்காவுல இயற்கை விவசாய விதியில பச்சைச் சாணம் போட்டா, மண்ண தொடற பயிருக்கு அறுவடைக்கு 120 நாள் முன்னாடியே போட்டிருக்கணும்னு இருக்கு. அந்தக் கணக்குப்படி பாத்தா 25 நாள் கீரைக்கு பச்சைச் சாணமே ஆகாது, நல்லா மக்கின உரம்தான். நம்ம ஊரு விதி வேற, இருந்தாலும் காரணம் ஒண்ணுதானே, வயித்துப்போக்கு கிருமிக்கு பாஸ்போர்ட் வேணுமா என்ன. இயற்கைன்னா எதுவும் கெடுதல் பண்ணாதுன்னு ஒரு நினைப்பு இருக்கு, பயிற்சி குடுக்கறவங்களும் அத உடைக்க மாட்டேங்கறாங்க. தெளிச்சதுக்கும் அறுப்புக்கும் எத்தனை நாள் இடைவெளி, கீரைய எந்தத் தண்ணியில கழுவறது, இதெல்லாம் எழுதிக் குடுக்கணும். நகரத்துல கிடைக்கற குப்பை உரத்தையும் கண்ண மூடிக்கிட்டு வாங்கக் கூடாது, பிரிக்காத குப்பையில பேட்டரி, பெயிண்ட் எல்லாம் கலந்திருக்கும். உரக் கட்டுப்பாட்டு ஆணையில நகரக் குப்பை உரத்துக்கு காரீயம் கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம்னு உச்சவரம்பே வெச்சிருக்காங்க, விக்கறவங்க கிட்ட டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கான்னு கேக்க நம்ம ஆளுங்களுக்கு சொல்லித்தரணும்.

இதெல்லாம் மாடிக்காரங்க கதை. நான் முக்கியமா சொல்ல வந்தது வேற ஆளுங்கள பத்தி.

சென்னைக்கு தினமும் கீரை போடறவங்க மாடியில இல்ல சார். திருநின்றவூர் தாண்டி, வெங்கல், பெரியபாளையம் பக்கம், இன்னும் நகரத்த ஒட்டி எங்கெல்லாம் பிளாட் போடாம மிச்சம் கெடக்குதோ அங்க எல்லாம் குத்தகைக்கு எடுத்து அரை ஏக்கர், ஒரு ஏக்கர்ல கீரை, பூ, காய் போடறவங்கதான். உண்மையான நகர விவசாயின்னா அவங்கதான், தலைமுறையா விக்கத் தெரிஞ்சவங்க. அவங்கள்ல எத்தனை பேரு உங்க பயிற்சி போட்டோல இருக்காங்க? இருக்க மாட்டாங்க, ஏன்னா நடுராத்திரி தாண்டி எழுந்து அறுத்து கட்டு கட்டி கோயம்பேடு போயி வித்துட்டு வீடு வந்து சேர காலையில 9, 10 மணி ஆயிடும், இந்த வகுப்புங்க ஆரம்பிக்கறதே அப்பத்தான். தூங்கற நேரத்துல வகுப்பு வெச்சா யாரு வருவாங்க. அதுவும் நகரத்துக்குள்ள ஒரு ஏசி ஹால்ல.

இவங்க யூரியா போடறாங்க, மருந்தடிக்கறாங்க, உண்மைதான். ஏன் போடறாங்கன்னு யாராவது உக்காந்து கேட்டிருக்கோமா? இலையில ஒரு ஓட்டை இருந்தா மண்டியில விலை இறங்கிடும், பச்சை கொஞ்சம் வெளுத்திருந்தா வாங்க ஆள் இல்ல. நிலம் அவங்களது இல்ல, ஓனரு எப்ப பிளாட் போடுவாருன்னு தெரியாது, அதனால மண்ண வளப்படுத்த மூணு வருஷம் உழைக்கறதுல அவங்களுக்கு என்ன லாபம். சான்று முறையில ஒரு வருஷப் பயிருக்கே மாற்றக்காலம் ரெண்டு வருஷம்ங்கறாங்க, குத்தகை ஒரு வருஷத்துக்குத்தான், அதுவும் வாய்ப்பேச்சுதான். போர் தண்ணி உப்பு, சில இடத்துல பக்கத்து ஓடையில சாக்கடை கலக்குது. இந்தப் பிரச்சனை எதுக்கும் ஜீவாமிர்தம்ங்கற சாணக்கரைசல் செய்முறை பதில் ஆகாது.

உழவர் சந்தையும் அப்படித்தான். 1999 நவம்பர் 14ல மதுரையில முதல் உழவர் சந்தை திறந்தப்ப அது எவ்வளவு பெரிய விஷயம், கமிஷன் இல்ல, வாடகை இல்ல, தராசு அவங்களே குடுக்கறாங்க, விவசாயி நேரா வந்து விக்கலாம். இன்னைக்கும் நல்லாத்தான் நடக்குது. ஆனா அடையாள அட்டை வேணும்னா நிலம் பத்தின பேப்பர் காட்டணும், சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. கையெழுத்து. இடைத்தரகர் விவசாயி வேஷத்துல உள்ள வரக்கூடாதுன்னு போட்ட விதி, அதுல தப்பில்ல. ஆனா வாய்ப்பேச்சுல குத்தகை எடுத்தவங்களுக்கும் சரி, மொட்டை மாடி வெச்சிருக்கறவங்களுக்கும் சரி, காட்ட பேப்பர் ஏது? அலுவலர் நேர்ல வந்து பயிர பாத்துட்டு ஒரு சீசனுக்கு மட்டும் செல்லுபடியாகற மாதிரி ஒரு அட்டை குடுக்கலாமே, அதே அலுவலர்தானே இப்பவும் பயிர பாக்க வர்றாரு.

அப்ப பயிற்சி எப்படி இருக்கணும்னு கேட்டா, புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம். 1989ல இந்தோனேசியாவுல நெல்லு வயல்ல புகையான் பூச்சித் தொல்லைக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சு அலுத்துப் போயி உழவர் வயல்வெளிப் பள்ளின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஹாலும் இல்ல, மேடையும் இல்ல. ஒரு சீசன் முழுக்க வாரத்துக்கு ஒரு நாள் விவசாயிங்க வயல்லயே கூடி, எந்தப் பூச்சி இருக்கு, அத தின்ன எந்தப் பூச்சி வந்திருக்குன்னு அவங்களே எண்ணிப் பாத்து, இந்த வாரம் மருந்து வேணுமா வேணாமான்னு அவங்களே முடிவு பண்றது. நம்ம ஊர்லயும் வேளாண்மைத் துறையோட ஆத்மா திட்டத்துல பண்ணைப்பள்ளின்னு நடக்குது, நெல்லுக்கும் கரும்புக்கும் நடக்கறத இந்தக் கீரைத் தோட்டத்துக்கு கொண்டு வாங்க. கீரைக்கு சீசன் நாலே வாரம்தான், அதனால மூணு மாசத்துல மூணு பயிர ஆரம்பத்துல இருந்து அறுப்பு வரைக்கும் பாத்துடலாம். நேரம் மட்டும் சாயங்காலம் 4 மணி. அசுவினிப் பூச்சி எப்ப வருது, அத தின்ற பொறிவண்டு வந்தா எத்தனை நாள்ல அது குறையுது, அரைப் பாத்தில யூரியா போட்டு அரைப் பாத்தில மண்புழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் போட்டா எடை எவ்வளவு வித்தியாசம், செலவு எவ்வளவு வித்தியாசம், எல்லாத்தையும் அவங்க கையாலயே எடை போட்டுப் பாக்கட்டும். எடை குறைஞ்சா குறைஞ்சதுன்னு தெரியட்டும், அந்த நஷ்டத்த ஈடுகட்ட கட்டுக்கு எத்தனை ரூபா அதிகம் வேணும்னு அப்பத்தான் எங்கள மாதிரி கடைக்காரங்க கிட்ட பேச முடியும். இயற்கை விவசாயத்த பரப்பின நம்மாழ்வார் ஐயாவும் இப்படித்தானே, ஊர் ஊரா நடந்து போயி வரப்புல உக்காந்து பேசினாரு, கரூர் பக்கம் அவரோட வானகம் பண்ணையிலயும் தங்கி வேலை செஞ்சு கத்துக்கற மாதிரித்தான் ஏற்பாடு பண்ணாரு. அவரு 2013 டிசம்பர்ல போயிட்டாரு, அவரு போட்டோவ மாட்டி வெச்சுக்கிட்டு பவர்பாயிண்ட் போடறோம்.

மாடிக்காரங்களையும் தோட்டக்காரங்களையும் ஒரே பள்ளிக்கூடத்துல சேர்த்தா இன்னும் நல்லதுன்னு எனக்கு ஒரு நினைப்பு. ஒருத்தருக்கு எழுதப்படிக்க, போன்ல கணக்கு போட, வாட்ஸ்ஆப்ல ஆர்டர் எடுக்க வரும், இன்னொருத்தருக்கு விதைக்க, அறுக்க, கட்டு கட்ட, பேரம் பேச வரும். ரெண்டு பேரும் ஒரு குழுவா இருந்தா மழைக்காலத்துலயும் சமாளிக்கலாம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தரையில கீரை அழுகிடும், அப்பத்தான் விலையும் ஏறும், அந்த மூணு மாசம் பாலிதீன் கூரை போட்ட மாடியில இருந்து சரக்கு வரட்டும், மத்த நாள்ல தோட்டத்துல இருந்து வரட்டும். மழை சீசன்ல என் கடையில கீரைக்கூடை காலியா கெடக்கும், கஸ்டமர் நாலு பேராவது தினம் கேட்டுட்டுப் போவாங்க, அந்த நேரத்துல கொண்டு வர்றவங்களுக்கு நான் பேரம் பேசறதே இல்ல. கத்திரி வெயில்லயும் இதே கதைதான், அம்பது சதவீத நிழல்வலை இல்லாம மாடியில ஒண்ணும் நிக்காது.

சிப்பிக்காளான் பத்தியும் ஒரு வரி. நகரத்துல நிலமே இல்லாம ஒரு ரூம்லயே செய்யக்கூடியது அதுதான், வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல ரொம்ப வருஷமா நல்லாவே சொல்லித்தர்றாங்க. ஆனா பறிச்சா ரெண்டு நாள்ல வித்தாகணும், அதனால வாங்கற கடைய பேசி முடிச்சிட்டு அப்புறம் காளான் விதை வாங்குங்கன்னு மட்டும் சொல்லி அனுப்பினா போதும்.

வெளிநாட்டு உதாரணம்னா எல்லாரும் கியூபா தலைநகர் ஹவானாவ சொல்லுவாங்க. 1991ல சோவியத் யூனியன் உடைஞ்சதும் கியூபாவுக்கு உரம், மருந்து, டீசல் எல்லாம் நின்னு போச்சு, பசிக்கொடுமையில ஊருக்கு நடுவுல காலி மனையில எல்லாம் செங்கல் கட்டி உரமண்ணு கொட்டி பாத்தி போட்டாங்க, ஆர்கனோபோனிகோன்னு பேரு. அத ரொம்ப புனிதமாக்க வேண்டாம், இன்னைக்கும் அந்த நாட்டுக்கு சாப்பாட்டுல பெரும்பகுதி வெளியில இருந்துதான் வருது. எனக்குப் பிடிச்சது ஒண்ணுதான், ஹவானாவுல அலமார்ங்கற இடத்துல 1997ல ஆரம்பிச்ச கூட்டுறவுத் தோட்டம் மாதிரி இடத்துல எல்லாம் பாத்தி பக்கத்துலயே விக்கற கவுண்டர். காலையில அறுத்தத அக்கம்பக்கத்து ஜனங்க அங்கயே வந்து வாங்கிட்டுப் போறாங்க, லாரியும் இல்ல மண்டியும் இல்ல. நமக்கும் அது மாதிரி இடம் இருக்கே. மாநகராட்சி பூங்கா இல்லாத வார்டு கம்மி, ஞாயித்துக்கிழமை காலையில வாக்கிங் வர்ற கூட்டமே போதும், பூங்கா வாசல்ல 6 மணியில இருந்து 9 மணி வரைக்கும் அந்த வார்டுல வளர்க்கறவங்க மட்டும் ஒரு பாய் விரிச்சு விக்கறதுக்கு அனுமதி குடுங்க. நேரா விக்கறதால மேல சொன்ன சான்றிதழ் சிக்கலும் வராது. என் வியாபாரத்துல கொஞ்சம் அடி விழும், விழட்டும், அந்தக் கூட்டத்துல வித்துப் பழகினவங்கதான் நாளைக்கு எனக்கு ஒழுங்கா சப்ளை பண்ணுவாங்க.

கடைசியா உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சி நடந்து முடிஞ்ச மறுநாள் குத்துவிளக்கு ஏத்தற போட்டோவோட செய்தி போடறீங்க, அத படிச்சு யாரும் போக முடியாது. ஒரு வாரம் முன்னாடியே எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு கட்டணம்னு நாலு வரி போடுங்க. அப்புறம் ஆறு மாசம் கழிச்சு உங்க நிருபர அனுப்பி, அந்த வகுப்புல உக்காந்தவங்கள்ல எத்தனை பேரு இன்னும் விதைக்கறாங்க, எத்தனை பேரு ஒரு கட்டாவது வித்தாங்கன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க. எங்க பக்கம் வந்தா சொல்லுங்க, கீரை குடுக்கறவங்கள நானே கூட்டிட்டுப் போயி காட்டறேன், காலையில 6 மணிக்கு முன்னாடி வரணும்.

இப்படிக்கு,
காய்கறிக்கடை நடத்தும் வாசகி,
அம்பத்தூர், சென்னை.